நிலவின் பெயர்களும் கோடைக்கானல் அம்மையாரும்

ரமளான் தலைப்பிறையைக் காண மாடியேறாத இல்லம் நம்மிடையே அரிது. மேல்வானில் நூலிழை போன்ற பிறை தென்பட்டதும் துஆ ஓதி இறங்கிவிடுகிறோம். அதே நிலவு ஏழாம், எட்டாம் இரவில் பாதியளவு வளர்ந்து உச்சியில் நிற்கையில் அதனை நின்று நோக்குவோர் சிலரே. இஸ்லாமிய உலகின் வானியல் அறிஞர் பலருடைய பெயர்கள் அந்நிலவின் வட்டப் பள்ளங்களுக்குச் சூட்டப்பட்டிருப்பதை அறிந்தோர் அவர்களினும் சிலர்.

அறியாமைக்குக் காரணம் உண்டு. 1651-இல் இத்தாலியப் பாதிரியாரான ரிச்சோலி தம் நூலில் நிலவின் படத்தை வெளியிட்டு, அதன் பள்ளங்களுக்கு வானியல் அறிஞர்களின் பெயர்களை இட்டார். இன்றைய பெயர் முறைக்கு அதுவே அடிப்படை. அவர் எழுதியது இலத்தீனில். ஆகவே அல்-பத்தானி 'அல்பதேக்னியஸ்' ஆனார். அல்-ஃபர்கானி 'அல்ஃப்ராகானஸ்' ஆனார். தொலேதோ நகரத்து அஸ்-ஸர்காலி 'அர்ஸாகெல்' ஆனார். 'தெபித்' என்பது ஹர்ரான் நகரத்து ஸாபித் இப்னு குர்ராவைக் குறிக்கும். (இவர் ஸாபியீ சமயத்தவர், அரபு மொழியில் எழுதியவர். நம்மவர் பட்டியலில் சேர்க்கும் ஆர்வத்தில் இதனை மறைத்தல் முறையன்று.) பெயர்கள் இவ்வாறு உருமாறியதால், உரியவர் யார் என்பதே மேலை நாட்டவர்க்கும் தெளிவின்றிப் போயிற்று.

அத்தெளிவின்மையைப் போக்க முனைந்தவர்களுள் ஒருவர், பழனி மலைத்தொடரில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்த மேரி ஆக்வொர்த் எவர்ஷெட் என்னும் ஆங்கில அம்மையார் ஆவார். அவருடைய கணவர் ஜான் எவர்ஷெட், 1907-இல் கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்துக்கு வந்து, 1911-இல் அதன் இயக்குநரானவர். கதிரவனின் கரும்புள்ளிகளைச் சூழ்ந்த வெளிறிய பகுதியில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் அங்கே அவர் கண்டறிந்தார். அது இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்கப்படுகிறது.

அம்மையாரும் வெறுமனே உடனிருந்தவர் அல்லர். கதிரவனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைக் கணவருடன் ஆராய்ந்தார். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் வானியல் அறிவு எங்கிருந்து வந்தது என்பது குறித்தும் கோடைக்கானலில் வாழ்ந்த காலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அந்தத் தேடல் அவரை எங்கே கொண்டு சேர்த்தது தெரியுமா? கலீஃபா மஃமூன் காலத்து அல்-ஃபர்கானியிடம்! அவருடைய நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பே தாந்தேக்கு வானியல் கற்பித்தது.

1923-இல் இவ்விணையர் இங்கிலாந்து திரும்பினர். பிரிட்டிஷ் வானியல் கழகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு 1930 முதல் தலைமை ஏற்ற அம்மையார், நிலவில் பெயர் பெற்றவர் ஒவ்வொருவரும் யாவர் என்பதைத் துணைவர் சிலருடன் தேடித் தொகுத்தார். அத்தொகுப்பு 1938-இல் வெளிவந்தது. அல்-பத்தானியும் அல்-ஃபர்கானியும் அதில் தத்தம் வரலாற்றோடு இடம்பெற்றனர்.

அல்-பத்தானி யார்? ஃபுராத் நதிக்கரையில் ரக்கா நகரில் இருந்து பல்லாண்டுகள் வானை அளந்தவர், 929-இல் மறைந்தவர். ஓர் ஆண்டின் நீளம் 365 நாள், 5 மணி, 46 நிமிடம், 24 வினாடி என்று கணித்தார். இன்றைய அளவுக்கும் அதற்கும் வேறுபாடு இரண்டரை நிமிடத்துக்கும் குறைவே. தொலைநோக்கி தோன்றுவதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் முன்னர், வெறுங்கண்ணாலும் கருவிகளாலும் செய்த கணக்கு இது!

எவர்ஷெட் பெயராலும் நிலவில் ஒரு பள்ளம் உண்டு. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1970-இல் அப்பெயரைச் சூட்டியது. அதன் குறுக்களவு சுமார் 66 கிலோமீட்டர். பழனியிலிருந்து கோடைக்கானலுக்கு மலைப்பாதையில் செல்லும் தொலைவு ஏறக்குறைய அவ்வளவே. ஆயினும் கோடைக்கானலில் எத்துணைப் பெரிய தொலைநோக்கியை நிறுவினாலும் அதனைக் காண இயலாது. பூமிக்கு என்றும் முகம் காட்டாத பின்புறத்தில் அது உள்ளது. அப்புறத்தை முதன்முதலில் ரஷ்ய விண்கலம் படமெடுத்தது 1959-இல். ஜான் எவர்ஷெட் மறைந்ததோ 1956-இல். அப்பெயரும் கணவருக்கே உரியது. பெயர்களைத் தேடிக் கொடுத்த அம்மையாரை நினைத்துச் சூட்டியதன்று. இது சற்றே மனத்தை உறுத்துகிறது.

ஆனால் அல்-பத்தானியின் பள்ளம் நம் கண்ணுக்கு எதிரே உள்ளது. பிறை ஏழு அல்லது எட்டில், மஃரிப் தொழுகை முடிந்தபின், சிறு தொலைநோக்கி ஒன்றால் நோக்குங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே, நிலவின் நடுவிலிருந்து சற்றே தெற்கில், ஏறத்தாழ 130 கிலோமீட்டர் அகன்ற வட்டம் ஒன்று தெரியும். சிதைந்த மதில், தட்டையான தரை, நடுவே ஒரு குன்று, தென்மேற்கு மதிலை இடித்துக்கொண்டு வேறொரு சிறு பள்ளம். அதுவே அவருடையது. மறுநாள் இரவு அந்தக் கோடு சிறிது மேற்கே நகர்ந்ததும், படிப்படியாக இறங்கும் மதிலோடு அஸ்-ஸர்காலியின் பள்ளம் வெளிச்சத்துக்கு வரும்.