மணம் மாவிலேயே இருக்க வேண்டும்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு, முதுநகரைத் தாண்டியதும் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது என்பது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தது போதும் என்று 2004-ல் அந்தப் பகுதி மக்களே ஒரு கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்தார்கள். எந்த நேரத்தில் எந்த ஆலைப் பக்கமிருந்து என்ன நெடி வருகிறது என்று குறித்து வைத்தார்கள். வாளிக்குள் பைகட்டிக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள்.

அந்த ஆலைகளுக்குக் கிழக்கே உப்பனாறு. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நீளும் மணல் நிலத்தில் தியாகவல்லி, நொச்சிக்காடு, சித்திரைப்பேட்டை என்று வரிசையாக ஊர்கள். அந்த மணலில் விளைகிறது வெட்டிவேர். வேறு பயிர் தயங்கும் மணல்தான் வெட்டிவேருக்குத் தோது. கட்டிமண்ணில் வேரைப் பிரித்தெடுக்கும்போது பாதி அறுந்துபோகும். மணலில் வேர் நேராக இறங்கும், தோண்டினால் முழுசாக வரும், அலசவும் எளிது. நட்ட ஓராண்டுக்குள் வெட்டிவிடலாம். அதன் எண்ணெய் கனமானது, மெல்லத்தான் ஆவியாகும். அதனால்தான் அத்தர்க்காரர்கள் மற்ற மணங்களைப் பிடித்து நிறுத்த வெட்டிவேர் எண்ணெயைச் சேர்க்கிறார்கள். ஊதுவத்திக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் வேர் மூட்டை மூட்டையாக வெளியே போகிறது. ஊர்க் கடைகளில் தொங்கும் வத்திப் பாக்கெட்டோ பெரும்பாலும் பெங்களூரிலிருந்தும் மைசூரிலிருந்தும் வருகிறது.

அந்தப் பாக்கெட்டில் இருப்பது என்னவென்று பலருக்குத் தெரியாது. கரித்தூளும் மரத்தூளும் சுமார் நாற்பது நாற்பது பங்கு, பசைக்கு ஜிகட் என்ற பொடி இருபது பங்கு. இதைப் பிசைந்து மூங்கில் குச்சியில் ஏற்றினால் மணமே இல்லாத கறுப்பு வத்தி. பிறகு அதை செண்டில் முக்கி எடுக்கிறார்கள். செண்டைக் கரைக்கப் பெரும்பாலும் டைஎத்தில் தாலேட் என்ற ரசாயன எண்ணெய் பயன்படுகிறது. மல்லிகை என்றாலும் மகிழம்பூ என்றாலும் உள்ளே எரிவது அதே கரிதான். மசாலா வத்தி என்பது வேறு சாதி. அதில் வேர், பட்டை, பிசின் எல்லாம் மாவிலேயே கலந்திருக்கும். வீட்டில் உருட்டுவதென்றால் இதைத்தான் உருட்ட வேண்டும். செண்டில் முக்குவதற்கு நம் கை எதற்கு?

வெட்டிவேரை நிழலில் நன்றாகக் காயவைத்து, கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, பிறகு இடிக்க வேண்டும். நறுக்காமல் மிக்ஸியில் போட்டால் நார் சுற்றிக்கொள்ளும். இடித்ததை வஸ்திரகாயம் செய்ய வேண்டும், அதாவது துணியில் சலிக்க வேண்டும். இங்கே சோம்பல்பட்டால் வத்தி உருளாது, நார் நாராக நிற்கும். நூறு கிராம் மாவுக்கு வெட்டிவேர்த் தூள் 30, சலித்த மரத்தூள் 25, ஜிகட் 25, கரித்தூள் 10, பிசின் வகை 10 கிராம் என்று தொடங்கலாம். கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு சேர்ப்பவர்கள் மரத்தூளில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளலாம். இந்தக் கிழங்குகள் நாட்டு மருந்துக் கடைச் சரக்குதான்.

ஜிகட் ஒரு மரப்பட்டைப் பொடி. தண்ணீர் பட்டதும் வழவழவென்று பிசுபிசுக்கும், காய்ந்தால் இறுகும், எரியவும் எரியும். மூன்றும் ஒரே பொருளில் இருப்பதால்தான் கோந்தோ மைதாவோ இதற்கு ஈடாவதில்லை. பட்டையை உரித்து உரித்தே அந்த மரங்களைப் பல காடுகளில் அரிதாக்கிவிட்டார்கள் என்பதால் வீணாக்காமல் அளந்து போடுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடச் சற்றே கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் ஊறவிட வேண்டும்.

உருட்டத் தாழ்வான மணை ஒன்று போதும். சின்ன உருண்டை கிள்ளி, எட்டங்குலக் குச்சியின் நுனியில் வைத்து, உள்ளங்கையால் முன்னே தள்ளி உருட்டிக்கொண்டே கீழ்நோக்கி இறக்க வேண்டும். பிடிக்க ஓரங்குலம் விட்டு நிறுத்தி, உலர்ந்த தூளில் ஒரு புரட்டு புரட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது. அழுத்தம் மாறினால் தடிமன் மாறும், தடித்த இடத்தில் நெருப்பு நின்றுவிடும். காயவைப்பதும் நிழலில்தான். வெயிலில் போட்டால் வெடிக்கும், வளையும், மணமும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை வேண்டாம். கடலோர ஈரக்காற்றில் வத்தி பூஞ்சணம் பிடித்துவிடும். தை பிறந்த பிறகு தொடங்குவதே நல்லது.

பிசின்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சாம்பிராணி, குங்கிலியம், மட்டிப்பால் மூன்றும் மரம் வடிக்கும் பிசின்கள். ஆசைப்பட்டு அதிகம் போட்டால் சூட்டில் உருகிக் கொப்பளித்து நெருப்பையே அணைத்துவிடும். பிசினை நிறையப் புகைக்க வேண்டுமானால் அதற்குரிய இடம் தணல்தான். கோயில் தூபம் அப்படித்தான் வந்தது. சேக்கிழார் சிதம்பரம் ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றிய பெரிய புராணத்தில் ஒரு நாயனாருக்குப் பெயரே குங்கிலியக் கலயர். திருக்கடவூரில் குங்கிலியத் தூபம் இட்டே வறுமைக்கு வந்தவர். வீட்டில் பசி என்று மனைவி நெல் வாங்கத் தாலியைக் கழற்றித் தர, வழியில் குங்கிலியப் பொதியோடு வந்தவரிடம் அதைக் கொடுத்துப் பொதியை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அந்த அம்மையாரின் பசியை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஆனால் அன்று தூபச் சரக்கு எவ்வளவு பெரிய பொருளாக இருந்தது என்பதும் இந்தக் கதையில் தெரிகிறது.

ஓர் எச்சரிக்கை. சிதம்பரத்தின் தலமரமான தில்லை, பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நிறைய வளர்கிறது. அகில் என்ற மணக்கட்டைக்குப் போலியாக அதன் கட்டையைப் பயன்படுத்தியதுண்டு. அதை நம்பி யாரும் வெட்டிப் பொடிக்க வேண்டாம். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். மேலும் அலையாத்தி மரம் கரையைக் காக்க இருக்கிறது.

இனி கூலி விஷயம். வீட்டிலிருந்து வத்தி உருட்டும் பெண்களுக்கு ஆயிரம் வத்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஆயிரம் உருட்ட எத்தனை மணி நேரம் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. இயந்திரம் நிமிடத்துக்கு நூறுக்கு மேல் உருட்டும்போது அந்த விலையில் கை போட்டியிடவே முடியாது. நாட்டில் ஒரு நாளைக்கு 1490 டன் ஊதுவத்தி தேவைப்பட, இங்கே உற்பத்தியாவது 760 டன்தான் என்று 2020-ல் கதர் கிராமத் தொழில் ஆணையம் சொன்னது. 2019 ஆகஸ்டில் ஊதுவத்தி இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அடுத்த ஆண்டு மூங்கில் குச்சிக்கு வரியை 10-லிருந்து 25 சதவீதமாக உயர்த்தியது. தேவைக்கும் உற்பத்திக்கும் நடுவிலான இடைவெளியைக் கறுப்பு வத்தியால் நிரப்பினால் லாபம் இயந்திரக்காரருக்குத்தான். கைக்கு மிஞ்சுவது மசாலா வத்தி ஒன்றே. தரமான மசாலா வத்தி, மாவை உணர்ந்து அழுத்தும் கையைக் கேட்கிறது, விலையும் அதிகம் பெறும்.

புகையைப் பற்றி மறைக்கக் கூடாது. ஒரு கிராம் ஊதுவத்தி எரிந்தால் சுமார் 45 மில்லிகிராம் நுண்துகள் வெளிவருவதாகவும், சிகரெட்டில் அது 10 மில்லிகிராம் அளவே என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேரால் செய்தாலும் புகை புகைதான். ஜன்னலைத் திறந்து ஒரே ஒரு வத்தி ஏற்றுங்கள். கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருக்கும் அறையில் அதுவும் வேண்டாம்.

கடலூர் மாவட்ட மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நொச்சிக்காட்டு வேரை வேராக விற்காமல், இடித்து, சலித்து, வத்தியாக உருட்டிச் சிதம்பரத்தில் விற்றுப் பாருங்கள். ஆருத்ரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் வரும் கூட்டம் வாங்கும். பாக்கெட்டின் மேல் வேர் விளைந்த ஊர்ப் பெயரையும், உள்ளே சேர்ந்த சரக்கையும், ஆயிரத்துக்குக் கொடுத்த கூலியையும் அச்சிடுங்கள்.