இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம்

ஷாங்காயில் சி-ட்ரிப் என்றொரு பயண நிறுவனம். விமான டிக்கெட், ஓட்டல் அறை என்று எல்லாவற்றையும் தொலைபேசியிலும் பதிவு செய்து கொடுத்தது. ஊரில் கட்டட வாடகை ஏறிக்கொண்டே போனது. கால் சென்டரில் பழகிய ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டுப் போனார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னால் இரண்டு தலைவலியும் தீருமே என்று நிர்வாகம் யோசித்தது. ஆனால், மேற்பார்வைக்கு ஆள் இல்லாவிட்டால் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது.

நிறுவனர்களில் ஒருவரான ஜேம்ஸ் லியாங் அப்போது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர். அங்கே பொருளியல் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமோடு சேர்ந்து ஒரு சோதனையைத் திட்டமிட்டார். கால் சென்டர் ஊழியர்களிடம் விருப்பம் கேட்டதில் ஏறக்குறைய பாதிப் பேர் கை தூக்கினார்கள். தனி அறை, பிராட்பேண்ட் இணைப்பு, ஆறு மாத அனுபவம் ஆகிய மூன்றும் உள்ளவர்களாகச் சலித்து எடுத்ததில் 249 பேர் தேறினர். அவர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்களுக்கு வாரத்தில் நான்கு நாள் வீட்டில் வேலை. ஒற்றைப்படைக்காரர்களுக்கு வழக்கம்போல அலுவலகம். 2010 டிசம்பரில் தொடங்கிய சோதனை ஒன்பது மாதம் நடந்தது.

வீட்டில் இருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியிருந்தது. இதில் பெரும்பங்கு கூடுதல் நேரத்தால் வந்தது. இடைவேளைகள் சுருங்கின, உடம்பு சரியில்லை என்று எடுக்கும் விடுப்பும் குறைந்தது. மீதி, சத்தமில்லாத அறையில் ஒரு நிமிடத்துக்குக் கூடுதலாக எடுத்த அழைப்புகளால் வந்தது. வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டு 'வீட்டு வேலையே உசத்தி' என்று எழுதுபவர்கள் உண்டு. அடுத்து நடந்ததையும் சொல்வதுதான் நியாயம். சோதனை முடிந்ததும், இனி உங்கள் விருப்பம் என்று விட்டபோது, வீட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை அவர்களுக்குத் தாங்கவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. ஒரே அளவு வேலை செய்தாலும், வீட்டிலிருந்தவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

வீட்டிலிருந்து வேலை என்றதும் நமக்குக் கொரோனா ஊரடங்கு நினைவுக்கு வருகிறது. யோசனை அதைவிட மிகப் பழையது. லாஸ் ஏஞ்சல்ஸின் சாலை நெரிசலைப் பார்த்து வெறுத்துப்போன ஜாக் நில்ஸ், ஆளை வேலைக்குக் கொண்டுபோவதற்குப் பதில் வேலையை ஆளிடம் கொண்டுபோனால் என்ன என்று 1973-இல் கேட்டார். அதற்கு முன் அவர் விண்வெளித் துறைப் பொறியாளர். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியர்களை வைத்துச் சோதித்தும் பார்த்தார். அவர்கள் வீட்டில் வேலை செய்யவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் போட்ட சிறு அலுவலகங்களில் செய்தார்கள். பலன் நன்றாகவே இருந்தது. ஆனாலும் நிறுவனம் அதைத் தொடரவில்லை. சிதறிக் கிடக்கும் அலுவலகங்களில் தொழிற்சங்கம் நுழைந்துவிடுமோ என்ற அச்சமே காரணம் என்று நில்ஸ் பின்னாளில் சொன்னார்.

கருவிகள் வந்து சேர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக் பிறந்த கதை வேடிக்கையானது. 'கிளிச்' என்ற இணைய விளையாட்டை உருவாக்கிய குழு, வேறு வேறு நகரங்களில் இருந்தபடி தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் அரட்டைக் கருவியைச் செய்துகொண்டது. விளையாட்டு ஓடவில்லை, 2012-இல் மூடினார்கள். அரட்டைக் கருவி பிழைத்துக்கொண்டது. 2021-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதை 2,770 கோடி டாலருக்கு வாங்கியது. ஜூமின் வளர்ச்சி இன்னும் வேகம். 2019 டிசம்பரில் அதன் கூட்டங்களில் ஒரு நாளில் பதிவான பங்கேற்பு அதிகபட்சம் ஒரு கோடி. 2020 ஏப்ரலில் அது 30 கோடி.

அந்த வேகத்தில்தான் களைப்பும் வந்தது. வீடியோ கூட்டம் ஏன் இப்படி ஆளை உறிஞ்சுகிறது என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் விளக்கினார். எல்லா முகங்களும் மிக அருகில் வந்து நம்மையே பார்க்கின்றன. நம் முகத்தையும் நாள் முழுக்க நாமே பார்க்கிறோம். கேமராவுக்குள் அடங்க நாற்காலியைவிட்டு அசைய முடிவதில்லை. தலையசைப்பைக்கூட வலிந்து காட்ட வேண்டியிருக்கிறது. சொந்த முகத்தைத் திரையில் மறைக்கும் வசதி ஜூமிலேயே இருக்கிறது. பலரும் அதைத் தொட்டதே இல்லை.

உண்மையில் தொலைவேலையைத் தாங்குவது கேமரா அல்ல, எழுத்து. கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகம் என்று ஒன்று கிடையாது. ஊழியர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். விடுப்பு எடுப்பது உட்படப் பெரும்பாலான நடைமுறைகளை எழுதி, யாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. ஒருவர் தூங்கும் நேரத்தில் இன்னொருவர் படித்துத் தெரிந்துகொள்வார். நம் அலுவலகங்களிலோ 'ஹாய் சார், ஃப்ரீயா?' என்று ஒரு வரி வரும். பதில் போட்டால் 'ஒரு சின்ன கால் போகலாமா?' என்று அடுத்த வரி. அந்தச் சின்ன கால் முக்கால் மணி நேரம் ஓடும். என்ன வேண்டும், எதற்கு, எப்போதைக்குள் என்று முதல் செய்தியிலேயே எழுதிவிட்டால் பாதிக் கூட்டங்களுக்கு வேலையே இருக்காது.

இந்திய நிறுவனங்கள் முன்னும் பின்னும் போய்வந்துவிட்டன. 2025-க்குள் எந்த நேரத்திலும் 25 சதவீத ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று டிசிஎஸ் 2020-இல் அறிவித்தது. 2023 அக்டோபரில் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. ஜூம் நிறுவனமே 2023-இல், அலுவலகத்திலிருந்து 50 மைலுக்குள் இருப்பவர்கள் வாரம் இரண்டு நாள் நேரில் வர வேண்டும் என்றது. இதைவிடப் பெரிய நகைச்சுவை இந்தத் துறையில் நடந்ததில்லை!

வீட்டுக்குப் பக்கத்தில் சிறு அலுவலகம் என்று நில்ஸ் சோதித்து, கைவிட நேர்ந்த வழி தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. வீட்டறையின் தனிமையும் இல்லை, சென்னையின் வாடகையும் நெரிசலும் இல்லை. பின்பு வேறு சிற்றூர்களுக்கும் அது பரவியது. தனி அறைக்கு இடமில்லாத நம் வீடுகளுக்கு இதுவே பொருத்தம் என்று தோன்றுகிறது.

வேலை நேரம் முடிந்த பின் வரும் செய்திகள் தனிப் பிரச்சினை. பிரான்ஸில் 2017 முதல், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் இதுபற்றி ஊழியர்களோடு பேசி முடிவு செய்தாக வேண்டும். போர்ச்சுகல் 2021-இல், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொந்தரவு செய்யாமலிருப்பதை முதலாளியின் கடமையாக்கியது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இத்தகைய செய்திகளுக்குப் பதில் தராமலிருக்கும் உரிமை நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான அப்படியொரு சட்டம் நம்மிடம் இல்லை. தனிநபர் மசோதாவாக மக்களவைக்கு வந்ததோடு சரி. எனவே வீட்டிலிருந்து வேலை என்ற நிபந்தனையில் சேருபவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த மணி முதல் எந்த மணி வரை கூப்பிடலாம், இணையக் கட்டணமும் மின்கட்டணமும் யார் பொறுப்பு, பதவி உயர்வுக்கு எதை வைத்து மதிப்பிடுவார்கள்.