ஓட்டு கேட்காமல் எம்.பி. ஆனவர் எந்த ஊருக்கு எம்.பி.?

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கும் கூட்டம். அரசு பள்ளிக்கூடத்துக்கு 2 வகுப்பறை வேண்டும் என்று மனுவோடு வந்திருந்த பெரியவர் ஒருவர், நிருபர்கள் நிற்கும் பக்கம் வந்தார்.

"தம்பி, இளையராஜாவும் எம்.பி.தானே? அவர் எந்த தொகுதிக்கு எம்.பி.? அவர்கிட்ட இந்த கட்டிடத்த கேக்கலாமா?" என்றார்.

பக்கத்தில் நின்ற ரெண்டு பேர் சிரித்து விட்டார்கள். ஆனால் அது சிரிக்கிற கேள்வி இல்லை. சிரித்தவர்களிடமே திருப்பிக் கேட்டேன். அவர்களுக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்கு பாதிதான் தெரியும்.

விவரம் இதுதான்.

2 வாசல்

டெல்லி பாராளுமன்றத்தில் 2 சபை. நாம் ஓட்டுச்சாவடிக்கு போய் விரலில் மை வைத்து அனுப்புவது லோக்சபாவுக்கு. இன்னொன்று ராஜ்யசபா என்கிற மேல்-சபை. அதில் இப்போது 245 இடம். இதில் 233 பேரை எம்.எல்.ஏ.க்கள் ஓட்டு போட்டு அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் 18 பேர்.

மீதி 12 பேருக்கு யாரும் ஓட்டு போடுவது கிடையாது. ஜனாதிபதி நியமனம் செய்கிறார். ஜனாதிபதி என்றால் அவர் தன் இஷ்டத்துக்கு செய்ய முடியாது. மத்திய மந்திரிசபை சொல்கிற பெயருக்குத்தான் கையெழுத்து. அதாவது யார் ஆட்சியில் இருக்கிறார்களோ அவர்கள் மனசு வைக்க வேண்டும்.

இளையராஜாவும் கமல்ஹாசனும் ஒரே மேல்-சபைக்கு போனவர்கள்தான். ஆனால் வாசல் வேறு. இளையராஜா 2022-ல் நியமன எம்.பி. கமல் 2025-ல் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கள் மூலமாக, போட்டியில்லாமல் தேர்வானவர்.

இந்த 12 பேருக்கும் பதவிக்காலம் 6 வருஷம். 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை இந்த நாலில் ஒன்றில் பேர் வாங்கியவராக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 80-வது பிரிவு சொல்கிறது. சம்பளம் எல்லா எம்.பி.க்கும் உள்ளதுதான். 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு மாதம் 1 லட்சத்து 24 ஆயிரம் ரூபாய். படிகள் தனி.

ஓட்டுரிமையில் மட்டும் ஒரு வித்தியாசம். துணை ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு போடலாம். ஜனாதிபதி தேர்தலில் போட முடியாது. நியமித்தவரை தேர்ந்தெடுக்கும் வேலை இவர்களுக்கு கிடையாது.

கட்சியில் சேரலாமா?

சேரலாம். பதவி ஏற்று 6 மாதத்துக்குள் சேர்ந்து விட வேண்டும். அதற்கு பிறகு சேர்ந்தால் பதவி போய்விடும்.

பத்திரிகையாளர் ஸ்வபன் தாஸ்குப்தா கதை இதற்கு சரியான உதாரணம். 2016-ல் நியமனம் ஆனார். 2021-ல் மேற்கு வங்க சட்டசபை தேர்தலில் பா.ஜ.க. அவரை வேட்பாளராக அறிவித்தது. 'கெடு தாண்டி கட்சியில் சேர்ந்து விட்டாரா' என்று எதிர்க்கட்சியினர் கிளப்பியதும் எம்.பி. பதவியை ராஜினாமா செய்தார். தேர்தலில் தோற்றார். சில மாதத்திலேயே அதே ராஜ்யசபாவுக்கு மீதி காலத்துக்கு திரும்ப நியமனம் ஆகி வந்து விட்டார். சட்டப்படி தப்பே இல்லை. ஆனால் ஜனங்கள் வேண்டாம் என்று சொன்ன ஆள் வேறு வாசல் வழியாக உள்ளே வரலாம் என்பது டீக்கடையில் பேச வேண்டிய விஷயம்தான்.

தெண்டுல்கர் விவகாரம்

2012-ல் தெண்டுல்கரும் நடிகை ரேகாவும் நியமனம் ஆனார்கள். நாலு துறை பட்டியலில் விளையாட்டு என்ற வார்த்தையே இல்லையே என்று டெல்லி ஐகோர்ட்டுக்கு வழக்கு போனது. தள்ளுபடி ஆகிவிட்டது.

பெரிய சர்ச்சை அது இல்லை. ரெண்டு பேருமே சபைக்கு வருவது அபூர்வம். பத்து நாளுக்கு ஒரு நாள் கூட வரவில்லை. மில்லுக்கு போகிறவன் இப்படி லீவு போட்டால் என்ன ஆகும்? 60 நாள் அனுமதி இல்லாமல் வராவிட்டால் இடம் காலி என்று அறிவிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அதுவரை போகவில்லை.

2017 டிசம்பரில் ஒருநாள் தெண்டுல்கர் பேச எழுந்தார். குழந்தைகளின் விளையாட்டு உரிமை பற்றி. சபையில் வேறு பிரச்சனைக்காக ஒரே கூச்சல். வாயை திறக்க விடவில்லை. பேச நினைத்ததை மறுநாள் பேஸ்புக்கில் வீடியோவாக போட்டார். பதவி முடிந்ததும் 6 வருஷ சம்பளம், படி சுமார் 90 லட்சம் ரூபாயை பிரதமர் நிவாரண நிதிக்கு கொடுத்து விட்டார்.

மதுரையில் பிறந்தவர் கொண்டு வந்த மசோதா

அப்ப இந்த 12 பேரால் நமக்கு என்ன பிரயோஜனம்? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய கதையை தோண்டியபோது அப்படி சொல்ல முடியவில்லை.

1952-ல் முதல் தடவையாக நியமனம் ஆனவர்களில் ஒருவர் ருக்மிணி தேவி அருண்டேல். சென்னை கலாக்ஷேத்ராவை தொடங்கியவர். பிறந்தது மதுரை. விலங்குகளை வதைக்க கூடாது என்று தனி ஆளாக ஒரு மசோதா கொண்டு வந்தார். 'அரசாங்கமே சட்டம் கொண்டு வரும்' என்று பிரதமர் நேரு உறுதி கொடுத்த பிறகு அதை வாபஸ் வாங்கினார். அப்படி வந்ததுதான் 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்பு சட்டம். அதன்படி அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர்.

இந்த பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஜல்லிக்கட்டு வழக்கில்தான். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டுக்கு தடை போட்டது இந்த சட்டத்தை வைத்துத்தான். வழக்கு நடத்தியது அந்த வாரியம். 2017-ல் மெரினாவில் கூட்டம் கூடியபிறகு தமிழ்நாடு அரசு திருத்தம் போட்டதும் இதே சட்டத்தில்தான். அந்த திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. ஓட்டே வாங்காத ஒருத்தர் ஆரம்பித்து வைத்தது, 50 வருஷத்துக்கும் மேல் கழித்து அவர் பிறந்த ஊர் பக்கத்து வாடிவாசலை மூடியது. நல்லதோ கெட்டதோ, சும்மா உட்கார்ந்திருந்த பதவி என்று சொல்ல முடியாது.

இன்னொருவர் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண். 1986 முதல் 6 வருஷம் இருந்தார். அவர் சபையில் பேசிய விஷயம் பள்ளிக்கூட பிள்ளைகளின் புத்தக மூட்டை. கூன் விழுகிற அளவுக்கு சுமக்கிறார்களே என்றார். 1992-ல் மத்திய அரசு யஷ்பால் கமிட்டி அமைத்து அடுத்த வருஷம் அறிக்கையும் வந்தது. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்க கூடாது என்று 2020-ல் மத்திய அரசு கொள்கை வகுத்தது. உங்க வீட்டு பிள்ளை பையை ஒருநாள் தராசில் வைத்து பாருங்கள்.

சரி, கட்டிடம் கிடைக்குமா?

பெரியவர் கேள்விக்கு வருவோம். நியமன எம்.பி.க்கு தொகுதி கிடையாது. ஆனால் எல்லா எம்.பி.க்கும் உள்ள வருஷம் 5 கோடி ரூபாய் மேம்பாட்டு நிதி அவருக்கும் உண்டு. லோக்சபா எம்.பி. அதை தன் தொகுதிக்கு தரவேண்டும். எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுத்த மேல்-சபை எம்.பி. தன் மாநிலத்துக்குள் தரவேண்டும். நியமன எம்.பி. மட்டும் இந்தியாவில் எந்த மாநிலத்தில் எந்த மாவட்டத்தையும் தேர்ந்தெடுக்கலாம்.

தெண்டுல்கர் மும்பைக்காரர். அவர் தத்தெடுத்த கிராமம் ஆந்திராவில், அப்போதைய நெல்லூர் மாவட்டத்து புட்டம்ராஜு கண்டிகை. ரோடு, தண்ணீர் வசதி எல்லாம் வந்தது.

பணம் எம்.பி. கைக்கு வராது. அவர் பரிந்துரை கடிதம் மட்டும் கொடுப்பார். விதிப்படி செய்யக்கூடிய வேலையா என்று பார்த்து உத்தரவு போடுவது மாவட்ட நிர்வாகம். தனி ஆளுக்கு ரொக்கமாக தர முடியாது. அரசு பள்ளி கட்டிடம், குடிநீர் மாதிரி ஊருக்கு பொதுவான வேலை கேட்கலாம். எம்.பி. தந்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேட்டு வருகிற மனு நாடு முழுக்க இருந்து வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

12 பேர் யார் யார், அவர்கள் முகவரி என்ன என்பது ராஜ்யசபா இணையதளத்தில் இருக்கிறது. இடம் பள்ளிக்கூடத்துக்கு சொந்தம் என்பதற்கு ஆதாரம், உத்தேச செலவு, போட்டோ இதெல்லாம் வைத்து அனுப்பினால் படிக்கிறவருக்கு சுலபம்.

இதையெல்லாம் அடுத்த திங்கட்கிழமை அந்த பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாக கேட்டு விட்டு, "மனுவை தமிழ்ல எழுதலாமா தம்பி?" என்றார்.

இளையராஜாவுக்குத்தானே, தமிழ்லயே எழுதுங்கய்யா என்றேன்.