தூண்டில் நுனியில் ஒரு கிராம்

லண்டனுக்குள் ஓடும் தேம்ஸ் நதி உயிரற்றுப் போய்விட்டது என்று அந்நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1957-இல் அறிவித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடுகள் மேம்பட்ட பிறகு மீன்கள் திரும்பின. நம் கொடுவாவைப் போலக் கடலுக்கும் கழிமுகத்துக்கும் இடையே வாழும் ஐரோப்பிய பாஸ் மீனின் குஞ்சுகள் இன்று தேம்ஸ் கழிமுகத்தில் வளர்கின்றன. மீன் திரும்பியதும் தூண்டில்காரர்களும் திரும்பினார்கள். அவர்களுக்கான கடைகளில் 9 அடி நீளமும் 150 கிராமுக்கும் குறைவான எடையும் கொண்ட பாஸ் தூண்டில் தடி பல நூறு பவுண்டுக்கு விற்கிறது. அந்த விலைக்குக் காரணம் கேட்டால் இரண்டு சொற்கள் பதிலாக வரும்: எடை குறைவு, உணர்வு அதிகம். கூடவே 30 டன், 40 டன் என்று கார்பன் இழையின் விறைப்புக்கு ஓர் எண்ணும் சொல்வார்கள். எடைக் குறைவும் நுண்ணுணர்வும் இரண்டு தனித்தனிச் சிறப்புகள் அல்ல, ஒரே சிறப்பின் இரு பக்கங்கள் என்பதே என் வாதம். அந்தச் சிறப்பை டன் கணக்கு மட்டும் தருவதில்லை. தடியின் எந்த இடத்திலிருந்து எடையைக் குறைத்தார்கள் என்பதுதான் தருகிறது.

முதலில், உணர்வு என்பது என்ன? 1820-இல் திறக்கப்பட்ட ரீஜண்ட்ஸ் கால்வாயில் பெர்ச் மீனுக்காக ரப்பர் இரையைத் தரையோடு மெல்ல இழுக்கிறவருக்குத் தண்ணீருக்குள் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மீன் இரையை வாய்க்குள் உறிஞ்சி, பிடிக்காவிட்டால் நொடிப்பொழுதில் துப்பிவிடும். அந்தச் சிறு தட்டல் தூண்டில் நரம்பு வழியாகத் தடியின் நுனிக்கு வந்து, தடி வழியாகக் கைக்கு வர வேண்டும். நுனி உடனே அசைந்து உடனே நிலைக்குத் திரும்பினால் தட்டல் தெளிவாக வரும். அசைய மறுத்தாலோ ஆட்டம் அடங்காமல் நீடித்தாலோ செய்தி கலங்கிவிடும். விறைப்பு கூடினால் அதிர்வு வேகமாகும், எடை கூடினால் மந்தமாகும் என்பது இயற்பியலின் அடிப்படை விதி. இதில் எடை எங்கே இருக்கிறது என்பது மிக முக்கியம். ஒரு முனை பிடிக்கப்பட்ட சீரான குழாயில், நுனியில் ஏற்றும் 1 கிராம், குழாய் நெடுகப் பரவிய சுமார் 4 கிராமுக்குச் சமமாக அதிர்வை மந்தப்படுத்தும். தென்னை ஈர்க்கின் நுனியில் களிமண் உருண்டையை ஒட்டி ஆட்டிப் பார்த்தால் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரிந்துவிடும். அதே 1 கிராம் கைப்பிடியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதால் மணிக்கட்டைக் கீழே இழுப்பதிலும் அதற்கே பெரும் பங்கு. கையைச் சோர்வடையச் செய்வதும் தட்டலை மழுக்குவதும் ஒரே கிராம்தான். உயர்ரகத் தடிகளில் நரம்பு செல்லும் நுனிப்பக்க வளையங்கள் மிகச் சிறியதாக இருப்பதும், எஃகில் பாதியைவிடச் சற்றே கூடுதலான அடர்த்தி கொண்ட டைட்டானியத்தால் வளையச் சட்டம் செய்யப்படுவதும், வளையத்தைக் கட்டும் நூலும் அதன் மேல் பூசும் பிசினும் சிக்கனமாக இருப்பதும் இதனால்தான்.

வளையங்களைத் தாங்கும் குழாய்க்கு வருவோம். மூங்கிலுக்குப் பிறகு கண்ணாடி இழையும், அதற்குப் பிறகு கார்பன் இழையும் வந்தன. கார்பனின் கதையில் லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள ஃபார்ன்பரோவுக்குப் பெரிய இடம் உண்டு. அங்கிருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில் வில்லியம் வாட், லெஸ்லி பிலிப்ஸ், ஜான்சன் ஆகியோர் 1960-களின் முற்பகுதியில் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை இழையைச் சூடாக்கிக் கார்பனாக மாற்றினார்கள். ஜப்பானில் அகியோ ஷிண்டோ அதே மூலப்பொருளில் முன்பே ஆய்வு செய்திருந்தார். ஃபார்ன்பரோ குழு கண்ட நுட்பம், முதல் சூட்டில் இழை சுருங்கிவிடாமல் இழுத்துப் பிடித்து வைப்பது. அப்படிச் செய்தால் கார்பன் படிகங்கள் இழையின் நீளவாக்கில் ஒழுங்காக அமைந்து விறைப்பு பெருகியது. கார்பன் இழையை ஜப்பானின் டோரே நிறுவனம் 1971-இல் வணிக அளவில் தயாரிக்கத் தொடங்க, அடுத்த ஆண்டே அங்கே கார்பன் தூண்டில் தடி வந்துவிட்டது. கண்ணாடி இழையின் விறைப்பு சுமார் 72 கிகாபாஸ்கல், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராமுக்கு மேல். டோரேயின் அடிப்படை ரகமான டி300 இழைக்கு 230 கிகாபாஸ்கல், 1.76 கிராம். எடைக்கு எடை ஒப்பிட்டால் நான்கரை மடங்கு விறைப்பு.

ஆனால் தடி வெறும் இழையால் ஆனதல்ல. பிசினில் நனைத்த கார்பன் துணியைச் சாய்வாக வெட்டி, நுனி நோக்கி மெலியும் எஃகுக் கம்பியின் மேல் சுருட்டி, நாடாவால் இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, பிறகு கம்பியை உருவி எடுத்தால் கிடைப்பதுதான் குழாய். பட்டை தீட்டாத தடியைக் கிட்டே வைத்துப் பார்த்தால் அந்த நாடா பதிந்த வரிகள் மேலே தெரியும். பிசின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிறதே ஒழிய, நீளவாக்கு விறைப்புக்கு அது தருவது சொற்பம். இழைகளைப் பிடித்து வைக்கத் தேவையானதற்கு மேல் உள்ள ஒவ்வொரு துளிப் பிசினும் வீண் எடை. குழாயின் வடிவமும் பேசுகிறது. சுவரின் தடிமன் மாறாமல் விட்டத்தை இரட்டித்தால் எடை இரு மடங்காகும், விறைப்போ எட்டு மடங்காகும். அப்படியானால் பருத்த, மெல்லிய சுவருள்ள தடியே செய்யலாமே என்று தோன்றும். மெல்லிய சுவர் வளையும்போது நசுங்கித் தட்டையாகி முறிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் குறுக்காகவும் சாய்வாகவும் சில இழைப் படலங்களைச் சேர்க்கிறார்கள். ஷிமானோவின் ‘ஸ்பைரல் எக்ஸ்’, டைவாவின் ‘எக்ஸ்45’ ஆகிய பெயர்கள் குறிப்பது இதைத்தான்.

விறைப்பு எண் கூடக் கூடத் தடியும் மேம்படாதா என்று கேட்பவர்கள், அதே இழைகளின் இன்னோர் அளவையும் பார்க்க வேண்டும். 294 கிகாபாஸ்கல் விறைப்புள்ள டி800 இழை அறுவதற்கு முன் 1.9 சதவீதம் வரை நீளும். 588 கிகாபாஸ்கல் உள்ள எம்60ஜே 0.7 சதவீதத்திலேயே அறுந்துவிடும். விறைப்பு இரட்டித்தது, விட்டுக்கொடுக்கும் குணம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வந்து நின்றது. இதன் ஆபத்தை விளக்கியவரும் ஃபார்ன்பரோவில் பணியாற்றியவர்தான். லண்டனில் பிறந்த ஏ. ஏ. கிரிஃபித், ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1921-இல் வெளியான கட்டுரையில், கண்ணாடி போன்ற பொருள்கள் முறிவதற்குக் காரணம் அவற்றிலுள்ள நுண்ணிய விரிசல்களே என்று நிறுவினார். இழை மெலிய மெலிய அதன் வலிமை கூடுவதையும் அவர் காட்டினார். இன்றைய தூண்டில் தடியின் வலிமையும் பலவீனமும் அந்த ஒரு கட்டுரைக்குள் அடங்கும். வீசும்போது ஈயக்குண்டு தடியில் ஒருமுறை மோதினால் மேலே கீறல்கூடத் தெரியாது; பல நாள் கழித்து, பெரிய மீனோடு போராடும்போது அந்த இடத்தில் தடி இரண்டாகும். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் ஆர்பி211 விமான எஞ்சினுக்குச் செய்த கார்பன் விசிறி இதழ்களும் 1970-இல் பறவை மோதும் சோதனையில் தோற்றன. அவற்றைக் கைவிட்டு டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. விறைப்பு ஒன்று, அடி தாங்கும் திறன் வேறொன்று. ஆகவே நல்ல தயாரிப்பாளர் விறைப்பு மிகுந்த இழையைத் தேவையான இடத்தில் மட்டும் வைத்து, வளைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் வலிமை மிகுந்த இழையை வைக்கிறார். ‘40 டன் கார்பன்’ என்ற அட்டை, அந்த இழை தடியில் எவ்வளவு, எங்கே என்று சொல்லாத வரை பாதித் தகவல்தான்.

உணர்வெல்லாம் நரம்பின் வேலை, தடிக்கு இதில் என்ன பெருமை என்று கேட்பவர்களும் உண்டு. நீட்சி மிகக் குறைந்த பின்னல் நரம்பு வந்த பிறகு தட்டல் பல மடங்கு தெளிவானது உண்மை. நைலான் நரம்பான தங்கூசி இழுபட்டு நீண்டு பாதிச் செய்தியை விழுங்கிவிடும். சாதாரணத் தடி வைத்திருப்பவர் முதலில் நரம்பை மாற்றுவதே சிக்கனம். ஆனால் நரம்பு கொண்டுவந்த செய்தியைத் தடி கலைக்காமல் கையில் சேர்த்தாக வேண்டும். நுனி கனத்த தடியில் அது கலைந்துபோகிறது. மலிவான தடியிலும் மீன் விழுகிறதே என்றால், விழும்தான். மிதவை கட்டி, புழு கோத்து, மீன் இரையை விழுங்கும்வரை காத்திருப்பவருக்குக் கண்தான் கருவி. அவருக்கு நுண்ணுணர்வுத் தடி தேவையில்லை, அடி தாங்கும் கண்ணாடி இழைத் தடியே போதும். செயற்கை இரையை நாள் முழுக்க வீசி வீசி இழுப்பவருக்குத்தான் குறைந்த ஒவ்வொரு கிராமும் பயன் தரும்.

ஆகவே தடி வாங்கப் போகிறவர்கள் அட்டையிலுள்ள எண்ணை நம்பிப் பணத்தை நீட்ட வேண்டாம். உங்கள் ரீலைக் கடைக்கே எடுத்துச் சென்று பொருத்திப் பாருங்கள். நுனி தானாகக் கீழே சாய்கிறதா என்று கவனியுங்கள். தடியை ஒருமுறை லேசாக உதறி, நுனி எத்தனை சீக்கிரம் அடங்குகிறது என்று பாருங்கள். நுனி வளையங்களின் அளவையும் அவற்றின் கட்டுகள் மெல்லியதாக இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். கூட்டிக் கொடுக்கும் பணம் உறுதிக்கு அல்ல, நுட்பத்துக்கு என்பதை மனத்தில் வையுங்கள். வாங்கிய பிறகு ஈயக்குண்டும் படகின் விளிம்பும் தடியில் மோதாமல் காப்பாற்றுங்கள். மீனைத் தூக்கும்போது தடியைச் செங்குத்துக்கு மேல் நிமிர்த்தாதீர்கள். அப்போது பாரம் முழுவதும் நுனியில் இறங்கும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மேலே மின்கம்பி செல்லும் இடத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் விலகியே தூண்டில் போட வேண்டும் என்பது பிரிட்டனில் தூண்டில்காரர்களுக்குச் சொல்லப்படும் விதி. நம் ஏரிக்கரைகளிலும் அதையே கடைப்பிடியுங்கள்.