ஹட்சன் கரையில் ஒண்டிக்கு ஒண்டி

அமெரிக்காவின் முதல் நிதி அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனும் பதவியிலிருந்த துணை அதிபர் ஆரன் பர்ரும் 1804 ஜூலை 11 காலை கையில் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். பகை பழையது. 1800 அதிபர் தேர்தலில் ஜெஃபர்சனும் பர்ரும் தலா 73 தேர்வாளர் வாக்குகள் பெற்றபோது ஹாமில்டன் ஜெஃபர்சன் பக்கம் சாய்ந்தார். 1804 நியூயார்க் ஆளுநர் தேர்தலிலும் பர்ரை எதிர்த்தார். அப்போது பர்ரைப் பற்றி அவர் இழிவாகப் பேசியது ஒரு கடிதம் வழியாகப் பத்திரிகையில் வந்துவிட்டது. பர் விளக்கம் கேட்டார், ஹாமில்டன் பிடிகொடுக்கவில்லை. பர் துப்பாக்கி மோதலுக்கு அழைத்தார்.

நியூயார்க்கில் இத்தகைய மோதலுக்குத் தடை. ஹட்சன் ஆற்றைக் கடந்தால் நியூஜெர்சி. அங்கும் தடைதான், கெடுபிடி குறைவு. அதனால் வீஹாக்கன் பாறைத்திட்டு. யாரும் சாட்சி சொல்ல நேரக்கூடாது என்பதற்காகத் துப்பாக்கிகளைப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுபோனார்கள். படகோட்டிகள் முதுகைக் காட்டி நின்றார்கள். கொலைக்கும் ஒரு சம்பிரதாயம்! இடைவெளி பத்துத் தப்படி. இருவரும் சுட்டார்கள். ஹாமில்டன் வேண்டுமென்றே குறி தப்பவிட்டாரா என்பது இன்றும் தீராத வாதம். பர்ரின் குண்டு அவரது வலது இடுப்புக்கு மேலே பாய்ந்து முதுகெலும்பில் தங்கியது. மறுநாள் இறந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய மூத்த மகன் பிலிப்பும் இப்படியொரு மோதலில்தான் மாண்டிருந்தார்.

பர்மீது இரு மாநிலங்களிலும் வழக்குப் பதிவானது. விசாரணை நடக்கவே இல்லை. அவர் வாஷிங்டன் திரும்பி, 1805 மார்ச் வரை செனட் அவைக்குத் தலைமை வகித்தார்.