வீட்டுக்கு 2-வது பூனையா? அவசரப்பட்டால் ரத்தக்களறி!

"பாவம், ஒண்டியா இருக்கே" என்று பூனைக்குத் துணை தேடுகிறார்கள். கூடையில் கொண்டு வந்த புதுப் பூனையை அப்படியே ஹாலில் இறக்கி விடுகிறார்கள். அவ்வளவுதான்! சீறல், பிறாண்டல், ரத்தக்களறி! விலக்கப் போனவர் கையிலும் கடி!

பூனைக்கு வீடுதான் ராஜ்யம். தெரியாத வாடை வந்தால் பாயத்தான் செய்யும்.

எது ஒத்துப் போகும்?

கிழப் பூனைக்குத் துள்ளும் குட்டி தொல்லை. வயசும் சுபாவமும் பொருந்த வேண்டும். கருத்தடை செய்யாத 2 கடுவன்கள் ஒரே வீட்டில் ஆகவே ஆகாது.

2 வாரம் தனி அறை

புதுசை முதலில் கால்நடை டாக்டரிடம் காட்டி, தடுப்பூசி போடுங்கள். நோய் ஒட்டாமல் இருக்க 2 வாரம் தனி அறை.

இது படுத்த துணியை அதற்கும், அது படுத்ததை இதற்கும் விரியுங்கள். வாடை பழகும். மூடிய கதவின் 2 பக்கமும் சோறு வையுங்கள். சீறாமல் சாப்பிட்டால், கதவை லேசாகத் திறந்து 5 நிமிஷம் பார்க்க விடுங்கள். தினமும் நேரத்தைக் கூட்டுங்கள். சோற்றுத் தட்டு தனித்தனி. மலம் கழிக்க 2 பூனைக்கு 3 மணல் தட்டு!

கடித்து விட்டால்?

சண்டையில் கையை விடாதீர்கள். அட்டையை நடுவில் நீட்டுங்கள். கடிபட்டால் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வெறிநோய் நாய்க்கடியில் மட்டுமல்ல, பூனைக் கடியிலும் வரும். முற்றினால் பிழைப்பது அபூர்வம்!