கையில் இருக்கும் தொழிலுக்கு ஓர் அத்திவாரம்

2008ஆம் ஆண்டு மாந்தை மேற்கிலிருந்து வன்னிக்குள் இடம்பெயர்ந்தபோது பதினான்கு வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று முப்பது வயது கடந்துவிட்டது. தரம் 9, 10 படிக்க வேண்டிய காலம் பதுங்கு குழிக்குள்ளும் செட்டிகுளம் முகாம்களிலும் கழிந்தது. 1990இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாம்களில் வளர்ந்து, முசலிக்குத் திரும்பிய பலரின் படிப்பும் இப்படித்தான் இடையில் நின்றது.

ஊர் திரும்பியவர்களுக்கு அப்போது கிடைத்த வேலை கட்டட வேலை. 2012 ஒக்டோபரில் இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியது. வடக்கு, கிழக்கில் சுமார் 46,000 வீடுகள். பெரும்பாலானவை பயனாளிகள் தாங்களே கட்டிக்கொள்ளும் முறையில் அமைந்தவை. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. சாந்து குழைக்கப் போன இளைஞர்கள் கல் வைக்கவும் பூசவும் கம்பி கட்டவும் பழகினார்கள். வீடுகள் எழுந்தன. பிறகு வேலை குறைந்தது. கையில் நல்ல தொழில், ஆனால் அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பத்து வருட அனுபவமுள்ள மேசனாக இருந்தும், வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அவர் சாதாரணக் கூலியாள்தான்.

இந்த இடைவெளியை நிரப்ப அரசாங்கத்தில் ஒரு வழி உண்டு. நம்மில் பலர் அதைக் கேள்விப்படாமலே இருக்கிறோம். அதன் பெயர் முன்கற்றல் அங்கீகாரம்.

இலங்கையில் தொழில் தகைமைகள் என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சட்டகத்தின் கீழ் ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளன. முதல் மட்டம் ஆரம்பநிலை. 2 முதல் 4 வரை கைவினைஞருக்கானவை. 4ஆம் மட்டம் பெற்றவர் அந்தத் தொழிலில் முழுத் தேர்ச்சி உள்ளவராகக் கருதப்படுவார். 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற் கல்வி ஆணைக்குழு இதை மேற்பார்வை செய்கிறது.

இந்தத் தகைமையைப் பெற வகுப்பில் இருந்து படித்தே ஆக வேண்டும் என்றில்லை. வேலை செய்து பழகியவரும் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வேலை கொடுத்தவர்களிடம் பெற்ற கடிதங்கள், செய்த வேலைகளின் படங்கள் போன்றவற்றை ஒரு கோப்பாகச் சேர்க்க வேண்டும். மதிப்பீட்டாளர் நேரில் வேலை செய்விப்பார். ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்பார். சீமெந்தும் மணலும் என்ன விகிதம், கொங்கிறீட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்பதையெல்லாம் வேலைத்தளத்தில் தினமும் செய்தவருக்கு இது புதிதல்ல. ஏதாவது ஒரு பகுதியில் தேர்ச்சி போதாது என்றால், அந்தப் பகுதியை மட்டும் பயின்று மீண்டும் மதிப்பீட்டுக்கு வரலாம்.

மேசன் வேலைக்கு மட்டுமல்ல. மின்னிணைப்பு, வெல்டிங், வாகனத் திருத்தம், தச்சு, தையல், அழகுக்கலை, வெதுப்பகத் தொழில் எனப் பலவற்றுக்கும் இந்தத் தகைமை உண்டு. கணவரை இழந்து, தையல் இயந்திரத்தை நம்பிக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

சான்றிதழ் வந்துவிட்டால் வேலை வாசலுக்கு வந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. மன்னாரில் வேலை கொடுக்கும் நிறுவனங்கள் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சான்றிதழ் இல்லாதவருக்கு மேலே ஏறப் படியே இல்லை. 4ஆம் மட்டம் உள்ளவர் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் கட்டடம், மின், வாகனத் துறைகளில் அத்தகைய கற்கைகள் நடக்கின்றன. அதற்கு மேல் இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. மேசனாகத் தொடங்கியவர் மேற்பார்வையாளராகவும், ஒருநாள் பயிற்சி ஆசிரியராகவும் வரலாம். உடம்பு தளரும் வயதில் கல் சுமக்காமல் பிழைப்பதற்கான வழியும் அதுதான்.

எங்கே போய்க் கேட்பது? மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என மாவட்டத்தில் ஐந்து பிரதேச செயலகங்கள் உள்ளன. உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும், நைற்றா எனப்படும் பயிலுனர் பயிற்சி அதிகாரசபையிலும் கேட்கலாம். கட்டணம் எவ்வளவு, அடுத்த மதிப்பீடு எப்போது, தமிழில் நடக்குமா என்ற மூன்று கேள்விகளையும் மறக்காமல் கேளுங்கள்.

அதற்கு முன், இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. நீங்கள் கட்டிய வீடுகளுக்கு ஒருமுறை போய் வாருங்கள். கைபேசியில் படம் எடுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். இடம்பெயர்வில் நம்முடைய பத்திரங்கள் பல தொலைந்தன. ஆனால் நீங்கள் எழுப்பிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அவையே உங்களுக்கான முதல் சாட்சி.